சாந்தாமணிங்கற அளவு

ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. என்ற நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கறீங்களா? நம்பர் சொல்றேன், அழுத்துங்க. ஆங், அடிக்குது. அடிக்குதுங்க. செரி, கட் பண்ணிக்கங்க. போன் நல்லாத்தான் இருக்குது. பல்லடம் தாண்டுனதுல இருந்து ஒரு போனும் வரலைங்க, அதான் கெட்டுப் போச்சோன்னு பாத்தேன்.

நீங்க எது வரைக்கும்? திண்டுக்கல்லா? நானும் அங்கதானுங்க. என்ற பேரு நாச்சிமுத்து. கோயமுத்தூர்ல கணபதிப் பக்கம் வீட்டு லிஃப்டு செய்யற கம்பெனில டிசைன் பாக்கறேன். இந்தக் கட்டைப்பையா? இது என்ற சம்சாரத்துக்குங்க. ரெண்டு நைட்டி, ஒரு போர்வை, துண்டு, அவ எப்பவும் காப்பி குடிக்கற டம்ளரு. ஆஸ்பத்திரி டம்ளர்ல குடிக்க மாட்டா. இன்னிக்கு மத்தியானம் அவளுக்கு ஆப்பரேசன். கர்ப்பப்பைல கட்டி. அவ அண்ணன் ஊடு திண்டுக்கல்லுல, அவருதான் அங்க ஆஸ்பத்திரில சேத்திருக்காரு. நான் போய் முன்னால நின்னாத்தான் உள்ள போவேன்னு உக்காந்திருக்கா.

சும்மா பேச்சுக்குச் சொல்றதில்லைங்க, அவ அப்புடித்தான். ஏற்கெனவே ரெண்டு தடவை நாள் குறிச்சு ரெண்டு தடவையும் தள்ளிப் போச்சு. ரத்தம் போயிப் போயி ஆளே வெளுத்துட்டா. மாடிப்படில ஏறுனா நடுவுல உக்காந்துக்கறா. இந்தத் தடவையும் தள்ளுனா அப்புறம் என்னைய எதுவும் கேக்காதீங்கன்னு டாக்டரம்மா மச்சான் மொகத்துக்கு நேராவே சொல்லிட்டாங்களாம். அதனாலதானுங்க வெள்ளென எந்திரிச்சு ஓடி வந்து இந்த பஸ்ஸப் புடிச்சேன்.

ஏன் தள்ளிப் போச்சுன்னு கேக்கறீங்களா? எல்லாம் இந்தக் கம்பெனியாலதானுங்க. என்னைய விட்டா அங்க ஆள் கெடையாது. ஒரு நாள் நிம்மதியா லீவு போட விட மாட்டாங்க. பொழுதன்னிக்கும் போன். கோயில்ல நிப்பேன், போன் வரும். மச்சான் மகன் கல்யாணத்துல பந்தில உக்காந்து இலைல சாம்பார் ஊத்தறாங்க, அப்பப் போன். என்ற சம்சாரம் சாந்தாமணி பக்கத்து இலைல உக்காந்து என்னையவே பாக்கறா. நான் என்ன பண்றது சொல்லுங்க, எடுத்துத்தானே ஆகணும். அந்தப் பக்கம் முதலாளியே பேசுவாரு. "நாச்சிமுத்து, நீங்க இல்லாம முடியலை" ன்னுவாரு. அந்தப் பேச்சை நீங்க கேக்கணும்ங்க. ஒரு கம்பெனிக்கே சொந்தக்காரரு, நம்மகிட்ட அப்புடிப் பேசுவாரு. எனக்கு எரிச்சலாத்தான் வரும். இருந்தாலும் பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போயிருவேன்.

லிஃப்டுன்னதும் நீங்க பெரிய கட்டடத்துல இருக்கறத நெனச்சிருப்பீங்க. நாங்க செய்யறது ஊட்டுக்குள்ள வெக்கறதுங்க. முட்டி வலிக்காரங்க வாங்குவாங்க, சக்கர நாற்காலில இருக்கறவங்க வாங்குவாங்க, சும்மா பவுசுக்கு வாங்கறவங்களும் உண்டு. இதுல என்ன கஷ்டம்னா, ஒரு ஊடு மாதிரி இன்னொரு ஊடு இருக்காது. ஒருத்தரு மாடி பத்தடி உசரம், இன்னொருத்தரு பதினொண்ணரை. ஒருத்தருக்குக் கதவு எடது பக்கம். இன்னொருத்தருக்கு எல்லாம் முடிஞ்சப்புறம் வாஸ்துக்காரன் வந்து கெழக்கப் பாத்து வெக்கச் சொல்லிப்போட்டான். ஆளுக்கு ஒரு தடவை முதல்ல இருந்து டிராயிங் போட்டுட்டு இருந்தா எப்ப வித்து எப்ப சம்பாதிக்கறது?

அதனால நான் என்ன பண்ணேன்னா, கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு தாய் மாடல் போட்டேன். எல்லா லிஃப்டும் அதுல இருந்துதான் பொறக்கும். உள்ள இருக்கற அத்தனை அளவும் ஒண்ணோட ஒண்ணு கட்டுப்பட்டது. மாடி உசரத்த மாத்துனா தண்டவாளம் தானா நீளும், கம்பிக் கயிறு நீளும், எத்தனை போல்ட்டு வேணும்னு அதுவே எண்ணிக்கும். அகலத்தக் கொறைச்சாப் பெட்டி சுருங்கும், கதவு சுருங்கும், உள்ள புடிச்சுக்கற கைப்புடி கூட நவுந்து நிக்கும். ஊட்ட அளந்துட்டு வந்து நம்பரப் போட்டு ஒரு அழுத்து அழுத்துனா, தகடு வெட்டறதுக்கான டிராயிங் வரைக்கும் வந்து உளுந்துரும். மொத மொத அது ஓடுனப்போ முதலாளி எந்திரிச்சு வந்து என்ற தோள்ல கையப் போட்டாரு. சோமசுந்தரம்னு பேரு. நல்ல மனுசன், அவரக் குத்தம் சொல்ல மாட்டேன்.

அந்த ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பேரு வெக்கணும்ங்க. மத்தவங்க என்ன பண்ணுவாங்கன்னா மாடி உசரம், பெட்டி அகலம்னு உள்ளத உள்ளபடியே வெச்சுருவாங்க. அப்புடி வெச்சா வர்றவன் போறவன் எல்லாம் கைய வெப்பானா இல்லையா? நான் சொந்தக்காரங்க பேரா வெச்சேன். மாடி உசரத்துக்குப் பேரு பெரியத்தை. அவங்க நல்ல நெட்டை. மேல கூரைக்கும் பெட்டிக்கும் நடுவுல விடற எடம் மாமனாரு, அந்த மனுசன் வானத்தப் பாத்துட்டேதான் நடப்பாரு. கதவு எந்தப் பக்கம்ங்கறதுக்கு மச்சான் கனகராஜ் பேரு. அவரு எந்தப் பக்கம் சாய்வாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது. இப்புடியே எங்க ரெண்டு பக்கத்துச் சனமும் உள்ள இருக்குதுங்க. ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கற அளவுக்கு இருக்கும். எங்கயும் எழுதி வெக்கலை, எல்லாம் இங்க, மண்டைக்குள்ளதான்.

சாந்தாமணி பேரு எதுக்குன்னு கேட்டீங்கன்னா, குழியாழத்துக்குங்க. லிஃப்டு கீழ வந்து உக்காரத் தரைல ஒரு சின்னக் குழி எடுப்போம். எல்லா ஊட்டுக்கும் ஒரே ஆழந்தான். அந்தக் குழியோட அடிதான் எங்களுக்குச் சைபர். மத்த எல்லா உசரமும் அங்க இருந்து அளக்கறதுதான். வெளிய இருந்து பாத்தாத் தெரியவே தெரியாது. ஆனா அத ஒரு நூல் மாத்துனாலும் மேல இருக்கற அத்தனையும் ஆடிப் போயிரும். அதனால அத மட்டும் பூட்டி வெச்சிருக்கேன், என்ற பாஸ்வேர்டு இல்லாமத் தொட முடியாது.

ஒரு நாள் அவகிட்டச் சொன்னேன், இந்த மாதிரி உன்ற பேர வெச்சிருக்கறேன்னு. சிரிச்சா. "நான் அதுல எங்க இருக்கறேன்?" னு கேட்டா. அடில, குழில இருக்கறீன்னேன். "யாராச்சும் என்னைய வந்து பாப்பாங்களா?" ன்னா. பாக்க மாட்டாங்க, பூட்டியிருக்குதுன்னேன். அவ வெங்காயம் உரிச்சிட்டே இருந்தா. பாசத்துல வெச்ச பேருங்க அது. அவளுக்கு அது புரிஞ்சுதோ என்னமோ.

இப்ப மணி என்னங்க? என்ற போன்லயும் அதேதான் காட்டுது. இன்னேரம் வந்திருக்கணும்.

நீங்க மனசுல நெனக்கறது தெரியுதுங்க. நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்துட்டா நீ நிம்மதியா இருக்கலாமேன்னு தானே? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. சொல்லிக் குடுத்தவந்தானுங்க நானும். இதுக்கு முன்னால ஒரு பம்பு கம்பெனில இருந்தேன். அங்க நான் போட்டு வெச்சத எல்லாம் ரெண்டு பசங்களுக்குக் கையப் புடிச்சுச் சொல்லிக் குடுத்தேன். கண்ணு மூடுனாலும் செய்யற மாதிரி தேத்தி விட்டேன். கொஞ்ச நாள்ல மேனேஜர் கூப்புட்டு, நீங்க நல்லா டிரெயினிங் குடுத்திருக்கீங்க நாச்சிமுத்து, இனி உங்களுக்கு ஓய்வுதான்னு சொல்லிக் கை குடுத்து அனுப்பிச்சாரு. கை குடுத்தாருங்க. அந்தக் கை இன்னும் எனக்கு மறக்கலை.

அதுக்கப்புறம் ஒரு வருசத்துக்கு மேல ஊட்டுல உக்காந்திருந்தேன். சாந்தாமணி ஜாக்கெட்டுத் தெச்சுத்தான் குடும்பம் ஓடுச்சு. பக்கத்து ஊட்டுக்காரரு தெனமும் என்னையப் பாத்து, இன்னிக்கு லீவுங்களான்னு கேப்பாரு. வேணும்னு கேக்கலைங்க, ஒரு மரியாதைக்குக் கேக்கறதுதான். அந்தக் கேள்விக்குப் பயந்துட்டு நான் காலைல டிபன் பாக்ஸத் தூக்கிட்டுக் கெளம்பி, வ.உ.சி. பார்க்குல போய் உக்காந்துக்குவேன். அங்கயே சாப்புட்டு, அங்கயே பெஞ்சுல படுத்து எந்திரிச்சு, ஆபீஸ் விடற நேரத்துக்கு ஊட்டுக்கு வருவேன். இனி ஒருத்தன் நம்மகிட்ட வந்து ஓய்வுன்னு சொல்லக் கூடாதுன்னு அப்ப நெனச்சதுங்க. அதுல என்ன தப்பு இருக்குது?

இந்தக் கம்பெனிலயும் போன வருசம் ஒரு பொண்ண வேலைக்குச் சேத்தாங்க. ஹேமலதா, ஓசூருப் பொண்ணு. கெட்டிக்காரிதான், இல்லைங்கலை. வந்த கொஞ்ச நாள்லயே, சார் இந்தப் பேரெல்லாம் மாத்திரலாமா, யாருக்கும் புரியலைன்னா. எனக்குப் புரியுதேம்மா, உனக்கு என்ன அவசரம்னு கேட்டேன். ஒரு நாள் எல்லாரும் இருக்கறப்ப, சார் இந்தச் சாந்தாமணிங்கறது என்ன அளவு, பூட்டியே இருக்குதேன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எனக்கு வந்துதே கோவம். என்ற சம்சாரம் பேர எடுக்கறதுக்கு நீ யாருன்னு புடிச்சுக் கத்திட்டேன். அந்தப் பொண்ணு மொகம் சுண்டிப் போச்சு. நான் வெச்ச பேருதான், அது வேற. அவ எடுக்கலாமா?

அவளுக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லி முதலாளி சொன்னாரு. சொல்லிக் குடுத்தேன், நான் ஒண்ணும் மறைக்கலை. ஒரு சின்ன நெளிவு சுளிவு மட்டும் சொல்லலைங்க. என்னன்னா, மாடி உசரம் ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா நேரா மாத்தக் கூடாது. முதல்ல எடைய, அதான் எத்தனை பேரு ஏறுவாங்கங்கறத, சைபர் ஆக்கிரணும். அப்புறம் உசரத்த ஏத்தணும். அப்புறம் எடையத் திருப்பிப் போடணும். இல்லைன்னா ஒண்ணு மாத்தி ஒண்ணு முட்டிட்டு மாடல் பூராச் செவந்து போயி நின்னுரும். எந்த பார்ட்டு எங்க போச்சுன்னே தெரியாது, கதவு ஒரு பக்கம் பறக்கும், பெட்டி ஒரு பக்கம் கெடக்கும். இதெல்லாம் அனுபவத்துல வர்றதுங்க, சொல்லிக் குடுத்து வராது.

மொதத் தடவை ஆப்பரேசனுக்கு நாள் குறிச்சப்போ இதேதான் நடந்துச்சு. நாங்க ஆஸ்பத்திரிக்குக் கெளம்பி ஆட்டோல போயிட்டிருக்கறோம். ஹேமலதா நேரா உசரத்துல கைய வெச்சுட்டா. மாடல் போச்சு. முதலாளி போனப் போட்டாரு. நான் பாதி வழில எறங்கிக் கம்பெனிக்கு ஓடுனேன். போய் ஒரு நிமிசத்துல செரி பண்ணிப்போட்டேன். எல்லாரும் வாயப் பொளந்துட்டு நிக்கறாங்க. சாந்தாமணி அதே ஆட்டோல திரும்பி ஊட்டுக்குப் போயிட்டா. நீங்க இல்லாம நான் எதுக்குப் போகோணும்னு கேட்டா. பாத்தீங்களா, எவ்வளவு புடிவாதம்னு.

ரெண்டாந் தடவை இன்னும் மோசம்ங்க. அவளுக்கு ஆஸ்பத்திரிச் சட்டை மாட்டி விட்டுட்டாங்க. தாலி, தோடு எல்லாங் கழட்டி என்ற கையில குடுத்துட்டா. தலைய ரெண்டாப் பிரிச்சு ஸ்கூலுப் புள்ளை மாதிரி பின்னி விட்டிருக்காங்க. என்ற கையப் புடிச்சுட்டுக் கட்டில்ல உக்காந்திருக்கா. கை சில்லுன்னு இருக்குது. அப்பத்தான் போன். நான் எடுக்க வேண்டாம்னுதான் நெனச்சேன், சத்தியமா. ஆனா அது நிக்கலைங்க. அவளே பாத்துட்டு, எடுங்கன்னா. எடுத்தேன். திருப்பூர்ல இருந்து பெரிய பார்ட்டி வந்து உக்காந்திருக்காங்க, மாடல் தெறக்க மாட்டீங்குது, நீங்க இல்லாம முடியலைன்னாரு. செரி, ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றேன், நீ உள்ள போன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். திரும்பி வந்து பாக்கறேன், கட்டில்ல அந்தச் சட்டை மடிச்சு வெச்சிருக்குது. ஆளக் காணோம். தாலி என்ற பாக்கெட்டுல இருக்குது, அவ வெறுங்கழுத்தோட பஸ் ஏறி அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா.

போன்ல பேசவே இல்லை ஒரு வாரத்துக்கு. அப்புறம் ஒரு நாள் பேசுனா. கோவமாப் பேசியிருந்தாத் தேவலைங்க. மெதுவா, வேற யாருகிட்டயோ பேசற மாதிரி பேசுனா. "உங்களக் கத்தி எடுக்கச் சொல்லலை. உள்ள போறப்ப கண்ணுக்கு நேரா நில்லுங்க, வெளிய வர்றப்ப நில்லுங்க. அது போதும் எனக்கு. நீங்க இல்லைன்னா நான் போகலை. போகாம என்ன ஆகுதோ ஆகட்டும்" னா. நான் கட்டாயம் வர்றேன்னு சொன்னேன். பொண்ணு மேல சத்தியம் பண்ணச் சொன்னா, பண்ணேன். பொண்ணு பெங்களூர்ல வேலைல இருக்குது, இன்னிக்குக் காலைல பஸ்ஸுக்கு அதுவும் கெளம்பி வருது.

அதனால இந்தத் தடவை ஒரு மாசத்துக்கு முன்னாலயே லீவு எழுதிக் குடுத்துட்டேன். முதலாளி உடனே கையெழுத்துப் போட்டாரு. போட்டுட்டு, நல்லபடியாப் பாத்துட்டு வாங்க, இங்கத்தக் கவலையே வேண்டாம்னாரு. அதுலதானுங்க எனக்குக் கொஞ்சம் திக்குன்னுச்சு. எப்பவும் அப்புடிச் சொல்ல மாட்டாரு, யோசிப்பாரு, தாடையச் சொறிவாரு. இந்தத் தடவை யோசிக்கவே இல்லை.

நேத்துச் சாயங்காலம் கெளம்பறதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை பண்ணேன். தப்பா எடுத்துக்காதீங்க, பாதுகாப்புக்குத்தான் பண்ணேன். பெரியத்தைக்கு ஒரு வரம்பு கட்டி வெச்சேன். அதாவது பத்தடிக்கு மேல மாடி உசரம் போட்டா உள்ள விடாது, அப்புடியே நின்னுரும். இன்னிக்குக் காலைல ஒரு பங்களா ஆர்டருக்கு டிராயிங் போயாகணும், மாடி பதினொண்ணே கால். ஒன்பதரைக்கு உக்காருவாங்க, பத்து மணிக்குள்ள போன் வரும்னு கணக்குப் போட்டேன். பஸ்ஸுல இருந்தே ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும், வேலை முடிஞ்சிரும். லீவுலயும் இருந்த மாதிரி ஆச்சு, சம்சாரத்துகிட்டயும் இருந்த மாதிரி ஆச்சு. யாருக்கும் நட்டம் இல்லை பாருங்க.

பத்தும் போச்சு, பத்தரையும் போச்சு. ஏனுங்க ஒரு போனு கூட வரலை?

இருங்க, நானே ஒண்ணு போட்டுப் பாத்தர்றேன். கொஞ்சம் ஜன்னலச் சாத்திக்கறீங்களா, காத்துச் சத்தம்.

சார், வணக்கம், நாச்சிமுத்துங்க. இல்லைங்க சார், சும்மாதான். பஸ்ஸுலதான் சார் இருக்கேன். இன்னும் போகலை, மத்தியானந்தான் சார். அந்தப் பங்களா டிராயிங்கு... ஓ. எப்பங்க சார்? காலைலயேவா? இல்லைங்க சார், உசரம் பதினொண்ணே கால் ஆச்சே, அது நேராப் போட்டா... ஓ. ஓ, செரிங்க சார். யாரு, ஹேமலதாவா? எப்ப இருந்துங்க சார்? செரிங்க. செரிங்க சார். சொல்றேன். இல்லைங்க சார், சந்தோசந்தான். வெச்சர்றேன்.

போயிருச்சாம்ங்க. டிராயிங் போயிருச்சாம். ஒன்பதே முக்காலுக்கே போயிருச்சாம்.

அந்தப் பொண்ணு தனியா ஒரு மாடல் போட்டிருக்குதாம்ங்க. என்னுதத் தொடவே இல்லையாம். சாந்தாமணி ஆஸ்பத்திரில இருந்து எந்திரிச்சுப் போனாளே, அது தெரிஞ்ச நாள்ல இருந்து, வேலை முடிஞ்சும் உக்காந்து, கொஞ்சங் கொஞ்சமாப் போட்டிருக்குது. எல்லாத்துக்கும் உள்ளத உள்ளபடியே பேராம். மாடி உசரம்னா மாடி உசரம். ஏழெட்டுக் கேள்வி கேக்குமாம், பதில் போட்டா டிராயிங் வந்துருமாம். சேல்ஸ்ல இருக்கறவங்களே போட்டுக்கறாங்களாம். நாச்சிமுத்து சாரை இனி லீவுல கூப்புடவே கூடாதுன்னுதான் சார் செஞ்சேன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சாம். நீங்க நிம்மதியா இருங்க நாச்சிமுத்து, சம்சாரத்தக் கூட இருந்து பாருங்க, எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கங்கன்னு முதலாளி சொல்றாரு. எத்தனை நாள் வேணும்னாலும்னு சொல்றாருங்க.

கை ஒண்ணுதான் குடுக்கலை. போன்ல எப்புடிக் குடுப்பாரு.

இல்லைங்க, நான் அழுகலை. கண்ணுல தூசி, நீங்க ஜன்னலச் சாத்தியும் வருது. தண்ணியா? வேண்டாம்ங்க. செரி, ஒரு வாய் குடுங்க.

ஹேமலதா குழிய என்ன பண்ணியிருப்பான்னு ரோசனை பண்றேன். அதுலதான் இருக்குது சூட்சுமம். குழி ஆழம்னு பச்சையாப் பேரு வெச்சுத் தொறந்து போட்டிருப்பா. யாரு வேணாலும் மாத்தலாம். ஒருத்தன் தெரியாமக் கைய வெச்சான்னு வெய்ங்க, மேல தரையும் பெட்டியும் சேராது, ஒரு சாண் தள்ளி நிக்கும். கெழவங்க தடுக்கி உளுவாங்க. உசுரு போற விசயம்ங்க இது. அது கட்டாயம் தப்பாத்தான் இருக்கும். அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பொண்ணு. தகடு வெட்டறதுக்குள்ள யாராச்சும் பாத்தாகணும். நான்தான் பாத்தாகணும்.

போன்! வருது பாருங்க, வருது. நான் சொன்னேன்ல... ச்சே. மச்சான்.

ஹலோ. ஆங், சொல்லுங்க மச்சான். வந்துட்டே இருக்கேன், தாராபுரம் வரப் போகுது. குடுங்க. சாந்தாமணி? ம். ம். சாப்புட்டியா? ஓ, சாப்புடக் கூடாதுல்ல. பயப்படாத. பஸ்ஸுலதான் இருக்கேன், சத்தம் கேக்குதுல்ல. டம்ளரு எடுத்துட்டு வந்திருக்கேன். ம். வர்றேன். வர்றேன்னு சொல்றேன்ல. வெச்சர்றேன்.

மறுபடியும் தலை பின்னிட்டாங்களாம். சட்டை போட்டாச்சாம். வாசலப் பாத்துட்டு உக்காந்திருக்கறேன்னு சொல்றா. பேச்சுக்கு நடுவுல மூச்சு வாங்குதுங்க அவளுக்கு.

நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க. அவளுக்கு என்ன, கண்ணுக்கு நேரா ஒரு ஆளு நிக்கணும். டாக்டரு இருக்காங்க, நர்சுங்க இருக்காங்க, மச்சான் இருக்காரு, பொண்ணு வந்துரும். நான் போயி அங்க சும்மாதானே நிக்கப் போறேன். நின்னா என்ன ஆகப் போகுது? கம்பெனில நான் ஒரு நாள் இல்லை, எல்லாம் முடிஞ்சு போச்சு பாத்தீங்களா. இன்னும் நாலு நாள் இல்லைன்னா நான் இருந்தேன்ங்கறதே மறந்துரும். திரும்பி வந்தா என்ற நாற்காலில யாரு உக்காந்திருப்பாங்களோ. அம்பது வயசுல இனி எந்தப் பார்க்குல போய் உக்காருவேன் நானு? நீங்களே சொல்லுங்க.

தாராபுரம் வந்துருச்சுங்களா? டீக்கு நிக்குமா? அதோ, அந்தப் பக்கம் நிக்கறது கோயமுத்தூர் வண்டிதானே? போர்டு படிச்சுச் சொல்லுங்க, எனக்குத் தூரத்துல தெரியலை. கோயமுத்தூர்தானா. ஆளேத்திட்டு இருக்கான்.

ஏனுங்க, ஒரு ஒத்தாசை. உங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன், இருந்தாலும் உங்க மூஞ்சியப் பாத்தா நம்பலாம்னு தோணுது. இந்தப் பைய வெச்சுக்கங்க. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல மச்சான் நிப்பாரு, கனகராஜ், கட்டையா, மீசை நரைச்சிருக்கும். நீங்க தேட வேண்டாம். நீங்க மிஸ்டு கால் குடுத்தீங்கல்ல, உங்க நம்பர் என்கிட்ட இருக்குது, அத அவருக்கு அனுப்பிச்சர்றேன். அவரே கூப்புடுவாரு. டம்ளரு மேலாலயே இருக்குது, நசுங்காமப் பாத்துக்கங்க.

இந்தாங்க, இதையும். கர்ச்சீப்புல முடிஞ்சு வெச்சிருக்கேன். அவ தாலிங்க. அன்னிக்குக் கழட்டிக் குடுத்தது. இன்னிக்கு வெளிய வந்ததும் நானே கட்டி விடலாம்னு எடுத்துட்டு வந்தேன். மச்சான்கிட்ட... இல்லை, இது வேண்டாம். இது நானே வெச்சுக்கறேன். நான் நேர்ல போயிக் கட்டி விடறேன். சாயங்காலமே வந்துருவேன், வேலை ஒரு நிமிசந்தான்.

இல்லைங்க, தடுக்காதீங்க, வண்டி எடுத்துருவான். கைய விடுங்க. நான் போகலைன்னா அவ உள்ள போக மாட்டாளா? போவா. எல்லாஞ் சும்மா பேச்சு. நீங்க மச்சான்கிட்ட என்ன சொல்லணும்னா, கம்பெனில இருந்து போன் வந்துருச்சு, அவரு இல்லாம முடியலையாம், அதனால எறங்கிட்டாருன்னு சொல்லுங்க. வரலைன்னு சொல்லிப்போடாதீங்க, கும்புட்டுக் கேக்கறேன். போன் அடிச்சுச்சு, நான் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன்னு சொல்லுங்க. அடிச்சுச்சுல்லங்க? பொய்யில்லையே. நீங்க போட்டப்ப அடிச்சுச்சுல்ல.